சட்டி கழுவினது யார்

அந்தப் பையைக் காலடியில வைங்க சார். மடியில வெச்சுக்கிட்டு இந்த பஸ்ல இத்தனை வளைவு ஏற முடியாது, தொடை மரத்துப் போயிடும். இங்க குடுங்க, நான் வைக்கிறேன். அடேயப்பா! என்ன சார் இது, உள்ள ஆள் யாராவது உட்கார்ந்திருக்காங்களா? எத்தனை நாள் நடை? மூணு நாளைக்கா இவ்வளவு?

தப்பா எடுத்துக்காதீங்க. பையைப் பார்த்தா என் கை சும்மா இருக்காது. போடியில இறங்கி பவுன்ராசுன்னு யார்கிட்ட வேணும்னாலும் கேளுங்க. ஒன்பது வயசுல ஏலக்காய் மூட்டை தூக்க ஆரம்பிச்சவன். பள்ளிக்கூடத்துல கத்துக்காததை எல்லாம் சந்தையில அடி வாங்கிக் கத்துக்கிட்டேன். இப்போ பன்னெண்டு வருஷமா டவுன்காரங்களை மலைக்கு நடத்திக் கூட்டிட்டுப் போறதுதான் தொழில். இது பதினாலு கிலோ. உங்க உடம்புக்கு ஒன்பது போதும். மீதி அஞ்சு என்னன்னு திறக்காமலே சொல்றேன், பார்க்கிறீங்களா? தட்டு, கிண்ணம், ரெண்டு டம்ளர், பாத்திரம் தேய்க்கிற பாட்டில், ஷாம்பு, சோப்புப் பெட்டி, கட்டிலை மூடுற அளவுக்கு ஒரு டவல், குளிக்கிறதுக்கு மடக்குற வாளி ஒண்ணு. சிரிக்கிறீங்க. அப்போ சரிதான்.

உங்ககிட்ட ஒரு காரியம் கேக்கணும் சார். இப்ப இல்ல, பதினோராவது வளைவுல நான் இறங்கணும், அதுக்குள்ள கேட்டுடுவேன். ஒரு பொம்பளை ரெண்டரை மாசமா அநியாயத்துக்குத் தண்ணி சுமக்கிறா. அதை நீங்க நினைச்சா இன்னைக்கு நிறுத்தலாம். பயப்படாதீங்க, காசு கேக்கல. வெறுங்கையோட கேக்கிறது என் வழக்கம் இல்ல, அதனால முதல்ல உங்க பாரத்துல அஞ்சு கிலோ இறக்கிக் குடுக்கிறேன்.

தட்டு வேண்டாம். ஒரு சட்டி, ஒரு கரண்டி. சட்டியில சமைச்சு சட்டியிலயே தின்னுங்க. தின்னு முடிச்சதும் விரலால வழிச்சு நக்கிடுங்க. அங்க உங்க மாமியாரா நின்னு பார்க்கிறாங்க? அப்புறம் ஒரு டம்ளர் வெந்நீர் ஊத்தி, சுழட்டி, ஓரத்தை எல்லாம் கரண்டியால சுரண்டிக் குடிச்சிடுங்க. ஆமா சார், குடிக்கணும். கீழே ஊத்தினா எறும்பு வரும், பன்னி வரும். ரசம்னு நினைச்சுக்கங்க. முதல் நாள் எல்லாரும் குமட்டுவாங்க. மூணாம் நாள் உப்பு பத்தலைம்பாங்க.

அடிப்பிடிச்சிருந்தா அவசரப்படக் கூடாது. தண்ணி ஊத்தி ஊறப் போடணும். அடுப்புச் சாம்பல் ஒரு கைப்பிடி, தேங்காய் நார் ஒரு சாண். இது ரெண்டும் போதும், எந்தப் பாட்டிலும் வேண்டாம். அவசரப்படக் கூடாது, அவ்வளவுதான். சொல்றது சுலபம்.

உடம்பு கழுவ அரை லிட்டர் தண்ணி போதும். நம்பலையா? தண்ணி பாட்டில் மூடியில ஊசியால அஞ்சாறு ஓட்டை போட்டுக்கங்க. கவுத்தினா தூறல் மாதிரி வரும். ஈரிழைத் துண்டு ஒண்ணு, காய்ஞ்சா காகிதம் மாதிரி லேசா இருக்கும். அதை நனைச்சு முகம், கழுத்து, அக்குள்னு மேலே இருந்து துடைச்சுக்கிட்டே வாங்க, பாதம் கடைசி. வரிசையை மாத்திடாதீங்க, ஒரு வக்கீல் மாத்திட்டு மூணு நாள் என்னைக் குத்தம் சொன்னார். கசகசன்னு இருந்தா கொஞ்சம் பயத்தம் மாவு. போதும். மணக்கணும்னு யாரும் மலைக்கு வர்றதில்ல.

இதை எல்லாம் எங்க செய்யணும்? அதுதான் முக்கியம். ஓடையிலயோ ஊத்துலயோ கால் வைக்கக் கூடாது. மொண்டுக்கிட்டு அம்பது அடி தள்ளிப் போய், சின்னதா ஒரு குழி தோண்டி, அதுலதான் கழுவணும். சோப்பு கிடையாது. மண்ணுல மக்கிடும்னு அட்டையில எழுதி விக்கிறான். மண்ணுலதான் மக்கும், தண்ணியில மக்காது. ஜீப்புல ஏறுறதுக்கு முன்னாடியே எல்லார் பையையும் நான் சோதிச்சிடுவேன். சோப்பு, ஷாம்பு, பாட்டில் எது இருந்தாலும் பிடுங்கி என் பையில போட்டுக்குவேன், திரும்பி இறங்கினப்புறம்தான் குடுப்பேன். மெட்ராஸ்ல இருந்து வந்த அம்மா ஒருத்தங்க, பெரிய அதிகாரி, விரல் நகம் அளவு சோப்புக்கு என்கிட்ட கால் மணி நேரம் பேரம் பேசினாங்க. நானா விடுவேன்? "மேடம், நகத்துக்கும் கட்டிக்கும் ஊத்துக்கு வித்தியாசம் தெரியாது"ன்னேன். கை தட்டினாங்க சார், கூட வந்தவங்க எல்லாம்.

இந்தச் சட்டம் என் சொந்தச் சரக்கு இல்ல. நெல்லிப்பள்ளத்துல குடுத்தது. பதினோராவது வளைவுல இருந்து மேலே முக்கால் மணி நேரம் ஏறினா அந்த ஊரு. பதினாலு வீடு, ஒரே ஒரு ஊத்து. ஊருக்குக் கொஞ்சம் மேலே பாறை இடுக்குல கசியுற தண்ணி, ரெண்டு ஆள் உட்காருற அளவுக்குத் தேங்கி, அங்க இருந்து கறுப்புக் குழாய் வழியா ஊருக்குள்ள கல் தொட்டிக்கு வரும். அதைப் பார்த்துக்கிறவங்க குப்பாயி. ஊத்துக்காரின்னு சொல்லுவாங்க. என் வயசுதான் இருக்கும், அதிகம் பேச மாட்டாங்க. என் பாதை அந்த ஊத்து வழியாத்தான் போகுது. வெளியாளை ஊத்துப் பக்கம் கூட்டிட்டு வந்தா, ஊர்க்காரன் ஒருத்தன் அவங்களுக்குப் பிணை நிக்கணும். அதுதான் அவங்க வழக்கம். எனக்குப் பிணை நின்னவன் சடையன். பன்னெண்டு வருஷமா எனக்கு முன்னாடி நடக்கிறவன் அவன்தான். அவன் காலை வெச்ச இடத்துல என் காலை வெச்சுத்தான் நான் இந்தத் தொழிலைக் கத்துக்கிட்டேன்.

அந்தச் சடையன் வீட்டுக் குடம்தான் இப்போ ஊத்துத் தண்ணியைத் தொடக் கூடாது. கார்த்திகையில இருந்து. ஊத்தை யாரோ கெடுத்தாங்க. கெடுத்தது யாருன்னு ஊத்துக்கரையில, ஊர் முன்னாடி, வாயால சொல்ற வரைக்கும் பிணை நின்னவன் வீடு ஒதுங்கி இருக்கணும். அடி உதை கிடையாது, தண்டம் கிடையாது. சொன்னா போதும், அன்னைக்கே குடம் மொள்ளலாம். சொன்னவன் ஊத்தை இறைச்சுச் சுத்தம் பண்ணிக் குடுக்கணும், அது ஒரு நாள் வேலை. அது வரைக்கும் அவன் பொண்டாட்டி பேச்சி இந்த ரோட்டுக்குக் கீழே ஓடைக்கு இறங்கி, குடத்தை இடுப்புல வெச்சுக்கிட்டு அந்தச் சரிவுல ஏறுறா. ஒரு நாளைக்கு மூணு நடை. போன வாரம் சறுக்கி விழுந்து இடது மணிக்கட்டு வீங்கிடுச்சு. கட்டுப் போட்டுக்கிட்டு அப்பவும் ஏறுறா.

யார் கெடுத்தாங்கன்னு கேக்கிறீங்க.

நான்தான்.

உங்ககிட்ட சொல்ல வருது பாருங்க. வேற யார்கிட்டயும் வரல.

நான் கெட்டவன் இல்ல சார். அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. ஒரு கம்பெனிக்காரங்க பன்னெண்டு பேர். அவங்க மேனேஜர் ஆட்டுக்கறி உப்புக்கண்டம் வேணும்னு ஆசைப்பட்டார். பெரிய சட்டியில வறுத்தோம். கொழுப்பு உறைஞ்சு, அடியில கருகி, தார் போட்ட மாதிரி ஆயிடுச்சு. சடையன், "ஊறட்டும்ணே, ஒரு மணி நேரம் ஊறினா சாம்பலுக்கே கழண்டுரும்"னான். மேகம் இறங்குறதுக்குள்ள மேட்டைத் தாண்டணும்னு மேனேஜர் குதிக்கிறார். எனக்குக் கோபம் ஏறிடுச்சு. "ஒரு மணி நேரம் உட்கார்ந்து சட்டிக்குத் தாலாட்டுப் பாடவா? நீ கூட்டத்தை ஊருக்குக் கூட்டிட்டுப் போ, கஞ்சி குடிக்க வை. நான் கழுவி எடுத்துட்டு வர்றேன்"னு கத்தினேன். போறவன் சும்மா போனானா? திரும்பி நின்னு, "ஊத்துல வேண்டாம்ணே"ன்னான். எனக்கே! "எனக்குச் சொல்லித் தர்றியாடா? போடா"ன்னேன்.

அதுதான் சார். அவன் மட்டும் அதைச் சொல்லாம போயிருந்தா நான் தண்ணியை மொண்டுக்கிட்டு தள்ளித்தான் போயிருப்பேன்.

ஊத்துக்கரையில உட்கார்ந்து தேய்ச்சேன். கார்த்திகைக் குளிர், கை விரல் எல்லாம் வெடிப்பு, அதுல சாம்பல் ஏறி எரியுது. பையில அவங்ககிட்ட பிடுங்கி வெச்ச பாத்திரம் தேய்க்கிற பாட்டில் கிடந்துச்சு. பச்சைக் கலர், எலுமிச்சை வாசனை. ஒரு சொட்டுன்னுதான் எடுத்தேன். ஒரு சொட்டுல என்ன ஆயிடப் போகுது? ஒரு சொட்டுல ஒண்ணும் ஆகல, கொழுப்பு அசையல. இன்னும் ஒரு சொட்டு. அப்புறம் ஒரு கோடு. யார்கிட்டயும் இவ்வளவு சுலபமா நான் இறங்கி வந்தது கிடையாது, என்கிட்டயே இறங்கி வந்தேன். சட்டி பளபளன்னு ஆயிடுச்சு. அப்போ பாட்டில்ல பாதி மிச்சம்.

அந்தப் பாதியைத் தலையில ஊத்திக்கிட்டேன்.

பன்னெண்டு வருஷமா மலையில ஈரத்துண்டு, சார். நுரையை மறந்தே போயிட்டேன். அந்தக் குளிருல, அந்த நுரையில, கண்ணை மூடிக்கிட்டு ஊத்துக்குள்ளயே உட்கார்ந்துட்டேன். ரெண்டு ஆள் உட்காருற இடம்னு சொன்னேன்ல? நான் ஒருத்தன் உட்கார்ந்தேன். சொர்க்கம்னா அதுதான். அது எதுக்கு இப்போ. சொல்லியிருக்க வேண்டாம்.

தலையைச் சீவிக்கிட்டு ஊருக்குள்ள இறங்குறேன், கல் தொட்டியில நுரை பொங்குது. முதல்ல பொடிசுங்க கை தட்டிச்சுங்க. அப்புறம் பெரியவங்க வந்தாங்க, சத்தம் நின்னு போச்சு. குப்பாயி மேலே போய்ப் பார்த்துட்டு ஒரு தேக்கு இலையோட இறங்கி வந்தாங்க. இலையில தவளைக்குஞ்சுங்க, வயித்தை மேலே காட்டிக்கிட்டு. ஒவ்வொண்ணா எடுத்து தொட்டி ஓரத்துல வெச்சாங்க. திட்டல. யார் யாருன்னு கத்தல. நேரா என்கிட்ட வந்தாங்க, ரொம்பக் கிட்ட வந்து நின்னாங்க. "பவுனு, சட்டி கழுவினது யாரு?"ன்னு கேட்டாங்க.

நான் சொன்னது ஒரே ஒரு வரி. "சட்டி கழுவுறது சடையன் வேலை." அவ்வளவுதான். இதுல பொய் எங்க இருக்கு? அவன் வேலைதான் அது. அன்னைக்கு அவன் கழுவினான்னு நான் சொல்லவே இல்ல. நீங்க படிச்சவங்க, சொல்லுங்க, அது பொய்யா?

குப்பாயி, நான் வேற ஏதாவது சொல்லுவேன்னு நினைச்சாங்களோ என்னமோ. அப்புறம் சடையனைப் பார்த்து, "நீ என்ன சொல்ற?"ன்னாங்க. அவன், "அண்ணன் சொன்னதுதான்"னான். போய் அவன் வாசல்ல இருந்த குடத்தைக் கவுத்தி வெச்சுட்டாங்க. மேனேஜர் என் காதுல, "ஏதும் பிரச்சினையா?"ன்னார். "ஒண்ணுமில்ல சார், அவங்க வழக்கம்"னேன்.

சும்மா இருந்தேன்னு நினைக்காதீங்க. மறுவாரமே ஐந்நூறு லிட்டர் தண்ணித் தொட்டி ஒண்ணு சடையன் வீட்டுக்கு அனுப்பினேன். பதினோராவது வளைவு டீக்கடை வாசல்ல திரும்பி வந்து கிடந்துச்சு. எவர்சில்வர் குடம் நாலு அனுப்பினேன், அதுவும் தொட்டி மேலயே வந்து உட்கார்ந்துச்சு. பேச்சிக்குப் பதிலா தண்ணி தூக்க ஆள் வெச்சேன். அவனை அவளே திருப்பி அனுப்பிட்டா. நான் குடுக்கிற எதையும் வாங்க மாட்டேங்கிறாங்க சார். வாங்கினாத்தானே பேச முடியும்?

கடைசியில சடையனையே பிடிச்சு உலுக்கிட்டேன். "என் பேரைச் சொல்லித் தொலையேண்டா! நீ சொன்னா நான் மறுக்கவா போறேன்?" என்ன சொன்னான் தெரியுமா? "நான் பார்க்கலையேண்ணே." பிடிவாதக்காரன். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். அவன் பிடிவாதத்துக்கு அவ சுமக்கிறா. எனக்கு ஆத்திரம் வருமா வராதா? இப்பவும் எனக்கு முன்னாடி நடக்க வர்றான் சார், ஒரு நாள்கூட நிக்கல. முன்னாடி எல்லாம் பாம்பு, வழுக்கல், முள்ளுன்னு திரும்பித் திரும்பிச் சொல்லிக்கிட்டே நடப்பான். இப்போ சொல்றதில்ல. கையை மட்டும் காட்டுறான்.

ஒன்பதாவது வளைவு தாண்டிடுச்சு. விஷயத்துக்கு வர்றேன்.

நீங்க என்கூட இறங்குங்க. ஷூ, தொப்பி, பை எல்லாம் கச்சிதமா இருக்கு. அன்னைக்கு வந்த பன்னெண்டு பேரும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும்தான், ஒரு முகமும் அவங்களுக்கு ஞாபகம் இருக்காது. ஊத்துக்கரையில நின்னு, "அன்னைக்கு வந்த கூட்டத்துல நானும் ஒருத்தன், தெரியாம சோப்புப் போட்டுட்டேன், மனசு கேக்கல, சொல்ல வந்தேன்"னு சொல்லுங்க. ஒரே வரி. நீங்க இந்த ஊரா, மறுபடி வரப் போறீங்களா, உங்களுக்கு என்ன நஷ்டம்? ஊத்தை நானே இறைச்சுக் குடுக்கிறேன். அதுக்குப் பதிலா மூணு நாளும் உங்க பை என் முதுகுல. சமையல் என்னது. சட்டியும் நானே கழுவுறேன். வெந்நீர்கூட வெச்சுத் தர்றேன்.

தலையை ஆட்டாதீங்க சார். மூணு நாள் பத்தாதுன்னா அஞ்சு நாளா வெச்சுக்கங்க.

நானே போய்ச் சொன்னா என்னவா? சார், அந்தச் சட்டத்தை எல்லாருக்கும் சொன்னவன் நான். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அந்த ஊத்துக்கரையில நின்னு பிரசங்கம் பண்ணினவன். விரல் நகம் அளவு சோப்புக்கு ஒரு அதிகாரியை அழ வெச்சவன். சின்னது பெருசு எல்லாம் சுத்தி நிக்கும்போது நான் என்ன முகத்தோட... வேண்டாம். அது நடக்காது. அவங்க இவ்வளவு நாள் என்மேல வெச்சிருக்கிற மரியாதை என்ன ஆகிறது?

என்ன கேட்டீங்க?

நான் சட்டி கழுவும்போது சடையன் எங்க இருந்தானா? சொன்னேனே, ஊருக்குள்ள. கூட்டத்தை உட்கார வெச்சுட்டு அவனும் கஞ்சி குடிச்சுக்கிட்டு இருந்தான். யார் வீட்டுலயா? குப்பாயி வீட்டுலதான். எப்பவும் அங்கதான் குடிப்போம். அவங்கதான் ஊத்திக் குடுத்தாங்க.

அவங்க கையாலதான் ஊத்திக் குடுத்தாங்க.

இல்ல இல்ல, ஒரு நிமிஷம் இருங்க. அவன் முதல்லயே சட்டியைக் கழுவிட்டு வந்திருக்கலாம்னு அவங்க நினைச்சிருக்கலாம்ல? சட்டியை என் கையிலதான் கொண்டு வந்தேன். தலையா? ஈரமாத்தான் இருந்துச்சு. சீவிக்கிட்டே வந்தேன்னு நானேதான் சொன்னேன். வாசனை... பாதி பாட்டில் சார்.

ரொம்பக் கிட்ட வந்து நின்னாங்க. அவங்க அப்படி யார்கிட்டயும் நிக்கிறவங்க இல்ல. என் மூச்சு அவங்க மேலே பட்டுச்சு. என்னைத் தவிர வேற யாரையும் கேக்கல. நேரா என்னைத்தான் கேட்டாங்க.

அப்போ அது கேள்வி இல்ல. நானே உண்மையைச் சொல்ல எனக்கு வழி விட்டாங்க.

பதினாலு வீடும் சுத்தி நின்னுச்சு சார், எலுமிச்சை வாசனைக்கு நடுவுல. ஒருத்தர் வாயைத் திறக்கல. அந்தப் பொடிசுங்களுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கும். ரெண்டரை மாசமா டீக்கடையில என்னைப் பார்த்தா அந்த ஊர்க்காரங்க எழுந்து தள்ளிப் போய் உட்காருவாங்க. நான் மரியாதைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

அப்போ உங்களைக் கூட்டிட்டுப் போய் நிறுத்தியிருந்தா, நீங்க அந்த வரியைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டுட்டு, குப்பாயி என்னைத்தான் பார்த்திருப்பாங்க.

சார், ஒண்ணு கேக்கிறேன். குப்பாயிகிட்ட மட்டும், அவங்க வீட்டுக்குள்ள வெச்சு, சொன்னா போதாதா? தெரிஞ்சதுதானே. இல்ல, சடையனைத் தனியாக் கூப்பிட்டு... அவன் தோள்ல கை போட்டு... அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடிதான் அவனைச் சொன்னேன். இதையும் அப்படித்தான் சொல்லணும். நானேதான் பேசிக்கிட்டு இருக்கேன்.

அதோ பாருங்க. அந்தக் கல்லுமேல குடத்தை இறக்கி வெச்சுக்கிட்டு நிக்கிறாளே, கையில கட்டோட, அவதான் பேச்சி. இது ரெண்டாவது நடையா இருக்கும். என்னைப் பார்த்துட்டா. ஒத்தைக் கையை நெஞ்சுல வெச்சுக் கும்பிடுறா. அவ திட்டினா நல்லா இருக்கும் சார். திட்டினா நான் திருப்பித் திட்டுவேன், அதுல என்னை ஜெயிக்க இந்தப் பக்கம் ஆள் கிடையாது. அவ எப்பப் பார்த்தாலும் "வாங்கண்ணே"ங்கிறா.

கண்டக்டரே, விசில் அடிக்காதய்யா, இறங்குறேன்! காது என்ன செவிடா எனக்கு?

நீங்க உட்காருங்க சார். வர வேண்டாம். நான் கேட்டதை மறந்துடுங்க.

பேச்சி! அந்தக் குடத்தைத் தூக்காத, கொஞ்சம் இரு. சடையன் வீட்டுல இருக்கானா? குப்பாயி? சரி. நான் மேலே வர்றேன். ஒவ்வொரு வீடா நானே போய் எல்லாரையும் ஊத்துக்குக் கூப்பிடப் போறேன். அதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிடுறேன். அன்னைக்கு ஊத்துல சோப்புப் போட்டது நான்தாம்மா.

என்ன சொன்ன?

தெரியுமா. உனக்குத் தெரியும்னு எனக்கு இப்பத்தான் தெரியும். இருந்தாலும் நான் சொல்லணும்ல. எல்லாரும் வரட்டும், அங்கேயும் சொல்றேன். நீ முன்னாடி நட.